ஆஃப்ஸ்டெட் ரிப்போர்ட் கார்டு: இங்கிலாந்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு ஆஃப்ஸ்டெட். பல ஆண்டுகளாக அது ஒவ்வொரு பள்ளிக்கும் ‘குட்’, ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்பதுபோல ஒரே சொல்லில் மொத்த மதிப்பீடு கொடுத்துவந்தது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் குரொய்டனிலும் நம்மவர்கள் வீடு தேடும்போது முதலில் விசாரிப்பது அந்த ஒரு சொல்லைத்தான். 2024 செப்டம்பரில் அது நின்றுபோனது. 2025 நவம்பரிலிருந்து புது ஆய்வு முறையும் பள்ளிகளுக்கான ரிப்போர்ட் கார்டும் வந்துவிட்டன. கோயிலிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்தே இருக்கும்.

இது பிரித்தானியா முழுவதற்குமா?

இல்லை, இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஆய்வு அமைப்புகள் உண்டு.

ஆஃப்ஸ்டெட் எப்போது வந்தது? அதற்கு முன் ஆய்வே இல்லையா?

ஆஃப்ஸ்டெட் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக இயங்குவதில்லை. அதன் தலைமை ஆய்வாளர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் பள்ளி ஆய்வு அதைவிடப் பழையது. 1839லேயே அரசு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1862இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆய்வாளர் முன்னால் பிள்ளைகள் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பள்ளிக்குப் பணம் என்று விதி செய்தார்கள். அதன் விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆசிரியர்கள் ஆய்வு நாளுக்காகவே பாடம் நடத்தினார்கள், பிள்ளைகள் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். இதே தேர்ச்சிக்கேற்ற மானிய முறை அன்றைய சென்னை மாகாணத்திலும் இருந்தது. இங்கிலாந்தில் அந்த முறையைக் கைவிட முப்பது ஆண்டுகளுக்கு மேலானது.

இந்தப் பழங்கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வு முடிவோடு எதைக் கட்டிவிடுகிறோமோ, பள்ளி அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். இன்றைய சீர்திருத்தத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

பழைய முறையில் என்னென்ன மதிப்பீடுகள் இருந்தன?

2005 முதல் நான்கு. மேலே ‘அவுட்ஸ்டாண்டிங்’ (மிகச் சிறப்பு), அடுத்து ‘குட்’ (நன்று), அதற்கடுத்து ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ (திருப்தி), கடைசியாக ‘இனாடிகுவேட்’ (போதாது). 2012இல் மூன்றாவதின் பெயரை ‘ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’ (முன்னேற்றம் தேவை) என்று மாற்றினார்கள். பாடம், நடத்தை, ஆளுமை வளர்ச்சி, நிர்வாகம் என்று தனித்தனி மதிப்பீடுகளும் உள்ளே இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மொத்த மதிப்பீடு இருந்ததால் மற்றவற்றை யாரும் வாசிக்கவில்லை.

ஒற்றைச் சொல்லில் என்ன தவறு? பெற்றோருக்கு அது எளிதாகத்தானே இருந்தது?

எளிதாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அது தாங்கக்கூடியதைவிட அதிக எடை கொடுத்துவிட்டோம்.

முதலில், அது எதையும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்கு வருட முடிவில் கணக்கு, அறிவியல், விளையாட்டு, ஒழுக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ‘சுமார்’ என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா? எதில் சுமார், ஏன் சுமார் என்று கேட்க மாட்டீர்களா? ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கடைசிக் காலத்தில் பத்தில் ஒன்பது பள்ளிகள் ‘குட்’ அல்லது அதற்கு மேல். அப்படியானால் ஒரே ஊரில் இருக்கும் ஆறு பள்ளிகளில் எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதற்கு அந்தச் சொல் எப்படி உதவும்?

அடுத்தது, அது பழசாகிப்போன பிறகும் பள்ளி வாசலில் பதாகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 2012 முதல் 2020 வரை ‘அவுட்ஸ்டாண்டிங்’ பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் போய்ப் பார்க்காத பள்ளிகள் இருந்தன. தலைமை ஆசிரியர் மாறியிருப்பார், ஆசிரியர்கள் பாதிப் பேர் போயிருப்பார்கள், சொல் மட்டும் மாறாது. விலக்கு நீங்கிய பின், 2021–22 கல்வியாண்டில் இப்படிப்பட்ட 370 பள்ளிகளை முழுமையாக ஆய்வு செய்தபோது 308 பள்ளிகள் அந்தப் பட்டத்தை இழந்தன. அந்தச் சொல்லை நம்பி அதே தெருவில் வீடு வாங்கக் கூடுதலாகப் பணம் கொடுத்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது மூன்றாவது விஷயம்: அந்தச் சொல்லோடு கட்டப்பட்டிருந்த தண்டனை. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் நடத்தும் ஒரு பள்ளி ‘இனாடிகுவேட்’ ஆனால், அதை அகாடமியாக, அதாவது கவுன்சிலின் கீழ் வராத அரசு நிதிப் பள்ளியாக மாற்றி, ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க அமைச்சர் ஆணை போட்டே ஆக வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியர் வேலை இழக்கலாம், ஆசிரியர்கள் விலகலாம், பெற்றோர் பிள்ளைகளை மாற்றலாம், பிள்ளைகள் குறைந்தால் நிதியும் குறையும். இரண்டு நாள் ஆய்வின் கடைசி மணி நேரத்தில் வரும் ஒரு சொல்லில் இத்தனையும் தொங்கின.

ரூத் பெரி யார்? எல்லாரும் ஏன் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

ரெடிங் நகரின் காவர்ஷம் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியர். தான் சிறுமியாகப் படித்த பள்ளிக்கே தலைமை ஆசிரியராக வந்தவர். அந்தப் பள்ளியில் 2009க்குப் பிறகு ஆய்வு நடக்கவில்லை. மேலே சொன்ன விலக்குதான் காரணம். 2022 நவம்பரில் ஆய்வாளர்கள் வந்தார்கள். பாடம், நடத்தை, ஆளுமை வளர்ச்சி, மழலை வகுப்பு எல்லாமே ‘குட்’. ஆனால் குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பான பதிவுகள், பயிற்சி, கண்காணிப்பு ஆகியவற்றில் குறைகள் கண்டார்கள். அதனால் நிர்வாகம் ‘இனாடிகுவேட்’. விதிப்படி நிர்வாகம் அப்படியென்றால் மொத்தப் பள்ளியும் ‘இனாடிகுவேட்’. உச்சியில் இருந்த பள்ளி ஒரே ஆய்வில் கடைசிப் படிக்குப் போனது.

அறிக்கை வெளியாகும் வரை முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. வாரக்கணக்கில் அந்தச் சுமையை ஏறக்குறையத் தனியாகவே சுமந்தார். 2023 ஜனவரி 8ஆம் தேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 53. அந்த ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, இந்த மரணத்துக்கு ஆஃப்ஸ்டெட் ஆய்வும் காரணமாக இருந்தது என்று தீர்ப்புச் சொன்னார். ஆய்வில் நியாயமும் மரியாதையும் பரிவும் குறைந்திருந்தன என்றும் சொன்னார்.

2023 கோடையில் அதே பள்ளியை மறுபடி ஆய்வு செய்தார்கள். முடிவு ‘குட்’. சில மாதங்களில் சரிசெய்யக்கூடிய குறைகள் அவை.

ரூத் பெரியின் சகோதரி ஜூலியா வாட்டர்ஸ் விடாமல் குரல் கொடுத்தார். மாற்றம் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு உடனே மாற்றிவிட்டார்களா?

இல்லை. முதலில் சில்லறைத் திருத்தங்கள்தான். 2023 ஜூனில், முடிவைத் தலைமை ஆசிரியர் தன் குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் சக ஊழியர்களிடமும் சொல்லலாம் என்று தெளிவாக்கினார்கள். 2024 ஜனவரியில் புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை ஆய்வாளர் மார்ட்டின் ஆலிவர், ஆய்வாளர்கள் எல்லாருக்கும் மனநலப் பயிற்சி கொடுப்பதற்காகக் கொஞ்ச காலம் ஆய்வுகளை நிறுத்திவைத்தார். அதே மாதம் நாடாளுமன்றக் கல்விக் குழு ஒற்றைச் சொல் மதிப்பீட்டுக்கு மாற்று தேட வேண்டும் என்றது. அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை.

தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு, 2024 செப்டம்பர் 2 அன்று, கல்வி அமைச்சர் பிரிட்ஜெட் ஃபிலிப்சன் மொத்த மதிப்பீட்டை அன்றிலிருந்தே நீக்கினார். அந்த இடைக்கால ஆண்டில் நான்கு தனி மதிப்பீடுகள் மட்டும் வந்தன. வேறெந்தக் குறையும் இல்லாமல் பாதுகாப்பு நடைமுறையில் மட்டும் சீக்கிரம் சரிசெய்யக்கூடிய பிழை இருந்தால், ஆய்வை நிறுத்திவைத்து மூன்று மாதத்துக்குள் திரும்பி வரலாம் என்ற ஏற்பாடும் அப்போதே வந்தது. காவர்ஷத்துக்கு அது அன்று கிடைத்திருக்க வேண்டும்.

சரி, இப்போது ரிப்போர்ட் கார்டில் என்ன இருக்கும்?

ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீடு:

- எல்லாப் பிள்ளைகளையும் அரவணைத்தல் (இன்குளூஷன்)
- பாடத்திட்டமும் கற்பித்தலும்
- கல்வி அடைவு
- வருகையும் நடத்தையும்
- ஆளுமை வளர்ச்சியும் நலமும்
- தலைமையும் நிர்வாகமும்

மழலை வகுப்போ சிக்ஸ்த் ஃபார்மோ (16 வயதுக்கு மேற்பட்டோருக்கான கடைசி இரண்டு வகுப்புகள்) இருந்தால் அவற்றுக்கும் தனியாக உண்டு. குழந்தைகள் பாதுகாப்பு மட்டும் வேறு மாதிரி: ‘நிறைவேற்றியிருக்கிறது’ அல்லது ‘இல்லை’, அவ்வளவுதான்.

மற்றவற்றுக்கு ஐந்து படிகள். கீழிருந்து மேலாக: ‘அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட்’ (உடனே முன்னேற வேண்டும்), ‘நீட்ஸ் அட்டென்ஷன்’ (கவனம் தேவை), ‘எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட்’ (எதிர்பார்க்கும் தரம்), ‘ஸ்ட்ராங் ஸ்டாண்டர்ட்’ (வலுவான தரம்), ‘எக்ஸெப்ஷனல்’ (தனிச்சிறப்பு). ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம். எல்லாவற்றுக்கும் கீழான படிக்குச் சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ஆய்வாளர்கள் கண்டதைச் சில பத்திகளில் எழுதியிருப்பார்கள். பள்ளியில் எத்தனை பிள்ளைகள், இலவச மதிய உணவு பெறுவோர் எவ்வளவு பேர், சிறப்புத் தேவை உள்ளவர்கள் எவ்வளவு பேர் என்ற விவரங்களும் சேர்ந்தே வரும். இவற்றைக் கூட்டி மொத்தமாக ஒரு மதிப்பீடு கிடையாது.

‘எக்ஸ்பெக்டட்’ என்றால் சுமார் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தவறான புரிதல் நம்மிடையே வேகமாகப் பரவுகிறது, தயவுசெய்து நிறுத்துங்கள். முன்பு ஆய்வாளர்கள் எது பெரும்பாலும் பொருந்துகிறது என்று பார்த்து மதிப்பீடு கொடுத்தார்கள். இப்போது ஒரு படியை அடைய, அதற்குரிய அளவுகோல்கள் எல்லாமே நிறைவேற வேண்டும். அதனால் ‘எக்ஸ்பெக்டட்’ பெறுவதே லேசான காரியமில்லை. ஆறு பகுதியிலும் ‘எக்ஸ்பெக்டட்’ வாங்கிய பள்ளி நன்றாக நடக்கும் பள்ளி.

பழைய ‘குட்’டுக்கு இப்போது எது சமம்? பழைய ‘அவுட்ஸ்டாண்டிங்’ பள்ளி இப்போது ‘எக்ஸ்பெக்டட்’ வாங்கினால் தரம் இறங்கிவிட்டதா?

சமம் என்று எதுவும் இல்லை. ஆஃப்ஸ்டெட்டும் அப்படி ஒப்பிட வேண்டாம் என்கிறது. அளவுகோல் மாறிவிட்டது, கேட்கும் கேள்விகளும் மாறிவிட்டன. வீட்டுத் தரகர்கள் ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் இறங்காதீர்கள்.

இத்தனை நல்ல மாற்றம் என்றால், ஆசிரியர் சங்கங்கள் ஏன் இன்னும் எதிர்க்கின்றன?

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்பு ஒரு சொல் இருந்த இடத்தில் இப்போது ஏழெட்டு நிறக் கட்டங்கள். தலைமை ஆசிரியருக்கு அழுத்தம் குறைந்ததா, கூடியதா? இதை ஆராய ஆஃப்ஸ்டெட்டே வெளியிலிருந்து ஓர் அமைப்பை நியமித்தது. 2025 செப்டம்பரில் வந்த அந்த அறிக்கை, புதிய முறை பள்ளித் தலைவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கப் போவதில்லை என்றே சொன்னது. தலைமை ஆசிரியர் சங்கமான என்ஏஎச்டி நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் திட்டமிட்டபடி நவம்பர் 10 அன்று ஆய்வுகள் தொடங்கின.

என் கருத்தில், நிறங்களைவிடப் பெரிய பிரச்சினை இரண்டு. ஒன்று, ஐந்து படிகள் என்பது மிக நுணுக்கமான அளவு. இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒரு பள்ளியின் நிர்வாகம் ‘எக்ஸ்பெக்டட்’டா ‘ஸ்ட்ராங்’கா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? பல இடங்களில் அந்தக் கோடு ஒரு மயிரிழைதான். ‘நன்றாக நடக்கிறது’, ‘உதவி வேண்டும்’ என்ற இரண்டை மட்டும் பிரித்துவிட்டு, மீதியை வார்த்தைகளில் எழுதினால் பெற்றோருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இரண்டு, தண்டனையின் கதை இன்னும் முழுதாக மாறவில்லை. மிக மோசமான நிலையில் இருக்கும் பள்ளிகளைத் தனியாகக் குறிக்கும் ஸ்பெஷல் மெஷர்ஸ் என்ற வகை அப்படியே இருக்கிறது. கட்டாய அகாடமி ஆணையை நீக்க 2024 டிசம்பரில் அரசு சட்டமசோதா கொண்டுவந்தது, தடுமாறும் பள்ளிகளுக்குக் கைகொடுக்க ‘ரைஸ்’ என்ற குழுக்களை உருவாக்கியது. இது சரியான திசை. மதிப்பீட்டின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும், மோசமான முடிவு வந்த மறுநாள் அந்தப் பள்ளிக்கு உதவி வருகிறதா, பயம் வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஆசிரியர்கள் ஆய்வாளரிடம் உண்மையைப் பேசுவார்கள். குறையை மறைத்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை இருந்தால், கெடுதல் நம் பிள்ளைகளுக்குத்தான்.

வேறு ஆய்வாளர் வந்திருந்தால் வேறு முடிவு வந்திருக்குமா?

சில சமயம் வந்திருக்கும். ஆஃப்ஸ்டெட் 2017இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. இரண்டு ஆய்வாளர்கள் ஒரே பள்ளியை ஒரே நாளில் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒப்பிட முடிந்த 24 பள்ளிகளில் 22இல் இருவரும் ஒத்துப்போனார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவை ஏற்கெனவே ‘குட்’ வாங்கிய பள்ளிகளில் நடந்த குறுகிய ஆய்வுகள். ‘இது இன்னும் குட் தானா’ என்பதுதான் அங்கே கேள்வி. ஐந்து படிகளில் ஆறு பகுதிகளை மதிப்பிடுவது அதைவிடக் கடினமான வேலை.

மதிப்பீடே இல்லாமல் ஆய்வு செய்ய முடியாதா?

முடியும், பக்கத்திலேயே வேல்ஸ் செய்கிறது. அங்கே எஸ்டின் என்ற அமைப்பு 2022இல் மதிப்பீட்டுச் சொற்களை அறவே விட்டுவிட்டது. பள்ளியில் எது நன்றாக நடக்கிறது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அறிக்கை எழுதுகிறது. பெற்றோருக்கென்று சுருக்கமான தனி அறிக்கையும் கொடுக்கிறது. மோசமான பள்ளிகளைத் தனியாகப் பிரித்துக் கண்காணிக்கும் அதிகாரம் அவர்களுக்கும் உண்டு.

பெற்றோர் இதை எப்படி வாசிக்க வேண்டும்? நேரம் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிறங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். முதலில் பாதுகாப்பு நிறைவேறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நேராகப் பத்திகளுக்குப் போங்கள்.

ஓர் உதாரணம். ஒரு பள்ளிக்கு ‘கல்வி அடைவு: நீட்ஸ் அட்டென்ஷன்’, ‘அரவணைத்தல்: ஸ்ட்ராங்’, ‘பாடத்திட்டமும் கற்பித்தலும்: எக்ஸ்பெக்டட்’ என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறத்தை மட்டும் பார்ப்பவர் அடைவைக் கண்டு ஓடிவிடுவார். பத்தியை வாசித்தால் வேறு கதை தெரியலாம்: போன ஆண்டுத் தேர்வில் எழுத்துப் பாடத்தில் முடிவு குறைவு, இந்த ஆண்டு புதிய முறையில் கற்பிக்கிறார்கள், சின்ன வகுப்புகளில் முன்னேற்றம் தெரிகிறது, நடுவில் வந்து சேரும் பிள்ளைகளை நன்றாகக் கவனிக்கிறார்கள். உங்கள் பிள்ளை ஊரிலிருந்து இப்போதுதான் வந்து நான்காம் வகுப்பில் சேரப்போகிறான் என்றால், அவனுக்கு இந்தப் பள்ளி பொருத்தமாக இருக்கலாம். அதே பிள்ளை கிராமர் ஸ்கூல் (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) தேர்வுக்குத் தயாராகிறவன் என்றால் உங்கள் கேள்விகள் வேறாக இருக்கும்.

அறிக்கையில் ‘அடுத்து செய்ய வேண்டியவை’ என்ற பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியைப் பார்க்கப் போங்கள். “இதில் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே நிறைய தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளிக்கு ஒரு சிவப்பு வந்துவிட்டது. பிள்ளையை மாற்ற வேண்டுமா?

எதில் சிவப்பு என்று முதலில் பாருங்கள். பாதுகாப்பு நிறைவேறவில்லை என்றால் உடனே பள்ளியிடம் விளக்கம் கேளுங்கள், என்ன குறை, எப்போது சரியாகும் என்று. மற்றவற்றில் என்றால் அவசரப்படாதீர்கள். அந்தப் பள்ளிக்கு இனி கண்காணிப்பு ஆய்வுகள் அடிக்கடி வரும். பிள்ளை அங்கே நண்பர்களோடு சந்தோஷமாக இருக்கிறான், ஆசிரியர் அவனைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்றால் அதற்கும் மதிப்பு உண்டு. அறிக்கை வந்த வாரத்திலேயே பத்துக் குடும்பங்கள் கூட்டமாக வெளியேறினால் மீதிப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசமாகும்.

எங்கள் பள்ளியின் கடைசி அறிக்கை 2022இல் வந்தது. இன்னும் பழைய சொல்தான் இருக்கிறது. நம்பலாமா?

வரலாறாக வாசியுங்கள். அடுத்த ஆய்வு வரும்போது ரிப்போர்ட் கார்டு வரும். பொதுவாக நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு நடக்கும். அதுவரை பள்ளியை நேரில் பார்ப்பதுதான் வழி.

ஆய்வு நடக்கும்போது பெற்றோர் ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், சொல்ல வேண்டும். வழக்கமாகத் திங்கட்கிழமை பள்ளிக்குத் தகவல் வரும், மறுநாளே ஆய்வாளர்கள் வந்துவிடுவார்கள். உடனே பள்ளி ‘பேரன்ட் வியூ’ என்ற இணையக் கருத்துப் படிவத்தின் இணைப்பைப் பெற்றோருக்கு அனுப்பும். நம்மவர்கள் பலர் அதைத் திறப்பதே இல்லை, ஆங்கிலம் சரியாக வராது என்ற தயக்கம். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று தேர்வு செய்யும் கேள்விகள்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிள்ளையைக் கேலி செய்தார்களா, பள்ளி என்ன செய்தது, ஆசிரியர் பேச நேரம் கொடுக்கிறாரா என்பதெல்லாம் ஆய்வாளருக்கு உங்களிடமிருந்துதான் தெரியும். நல்லதையும் எழுதுங்கள். ஆய்வு இல்லாத காலத்திலும் அந்தப் படிவம் திறந்தே இருக்கும்.